நாகவல்லி அவிழ்க்காத முடிச்சு

ஏழு வருசம் என்று கீழ்க் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன அன்று நாகவல்லி அழவில்லை. போலீஸ்காரர் ஆண்டியப்பனை வேன் பக்கம் நடத்திக்கொண்டு போகும்போது, "மத்தியானச் சோறு குடுப்பாகளாய்யா? வெறும் வயித்தோட வந்தவுக" என்று மட்டும் கேட்டாள். அந்தப் போலீஸ்காரர் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

நாகவல்லி எனக்கு மகள் முறை. அவள் அப்பன் என் சித்தி மகன், நாச்சியாபுரத்தான். நெற்குப்பை ஆண்டியப்பனுக்கு அவளைக் கட்டிக் கொடுக்கும்போது நான்தான் முன்னால் நின்று பேசினேன். பையன் தச்சு வேலைக்காரன், குடி கிடையாது, வாய் கொஞ்சம் முரடு. "வாய்தானே, கை முரடு இல்லையே" என்று அன்றைக்கு நான் சொன்னேன். அந்த வார்த்தையைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன். கடைசியில் வழக்கே அவன் கையைப் பற்றித்தான் வந்து நின்றது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை வைக்கும்போது கடைசிச் செதுக்கல் செதுக்கிய உளியை அந்த இடத்தில் கீழே வைக்க மாட்டோம். வீட்டுக்கார அம்மா ஒரு துணிக்கிழிசலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, உளியின் வாயில் நாலு பச்சரிசியை வைத்துச் சுற்றி, நூலால் மூன்று முடிச்சுப் போட்டுக் குங்குமம் வைத்துக் கொடுப்பாள். தச்சன் அதை வாங்கும்போது உளிவாய் அவன் உள்ளங்கைக்குள் இருக்கும், மரப்பிடி மேலே நிற்கும். வீடு போய்ச் சேரும்வரை அது தரையில் படக்கூடாது, பைக்குள் போகக்கூடாது, வேற்றாள் மேல் இடிக்கக்கூடாது. வீட்டில் அவன் பெண்டாட்டி முடிச்சை அவிழ்த்த பிறகுதான் விளக்கு முன்னால் தரையில் வைப்பான். அப்போதுதான் அந்த நிலை உட்கார்ந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் உளி கீழே விழுந்தால் அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள். ஆகுமோ ஆகாதோ, செய்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது தை மாதம் நாச்சியாபுரத்தில் அழகுராஜா வீட்டுக்கு ஆண்டியப்பன் நிலை வைத்தான். முடித்துவிட்டு உளியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் கிளம்பியவன், பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று திருப்பினான். அன்றைக்கு நல்ல கூட்டம். சரவணகுமார் என்பவர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். அங்கே வண்டியை விட்டால் தேங்காய் பழம் அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். இவன் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டான். உளியைக் கையில் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டுத் திரும்பி வந்தால் வண்டிச் சாவி கடைக்காரர் விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"சாவியக் குடுங்க."

"தேங்காய் வாங்குன கடையில போய்க் கேளு. சாவியும் விப்பாக."

"நல்ல காரியம் முடிச்சுட்டு வாரேன். வம்பு வேணாம்."

"கையில என்னது, உளியா? பாருங்கய்யா, பட்டப்பகல்ல ஆயுதத்தோட வந்து மெரட்டுறான்!" என்று கத்திக்கொண்டே கடைக்காரர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற மாதிரி நீட்டினார். ஆள் கூடிவிட்டது. ஆண்டியப்பன் வலது கையை உளியோடு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். இடது கையால் கடைக்காரர் மணிக்கட்டை முறுக்கிச் சாவியைப் பிடுங்கினான். கூடவே போனையும் பிடுங்கினான். வண்டியை எடுத்துக்கொண்டு நெற்குப்பைக்கு வந்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தவன் உளியை அடுப்படிப் பலகை மேல் வைத்தான். போனையும் அதன் பக்கத்தில் வைத்து, "இதுக்கு ஒருத்தன் வருவான். வந்தா மூஞ்சில எறி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். நாகவல்லி கை கழுவிவிட்டு முடிச்சை அவிழ்க்க வந்தாள். அப்போது அந்தப் போன் அடித்தது. எடுத்தாள்.

"அது என் போனு. எந்த ஊருல இருந்து பேசுறீக?"

"நெற்குப்பைங்க. எங்க வீட்டுக்காரர் கோவத்துல எடுத்தாந்துட்டாக. பத்திரமா இருக்கு, வந்து வாங்கிக்கங்க." தெரு, வீட்டு அடையாளம், வாசலில் நிற்கும் வேப்பமரம் வரைக்கும் சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. பலகையில் இருந்த போன், உளி இரண்டையும் எடுத்துக்கொண்டு, குளித்த தலையோடு நின்றவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் போன் அன்றைக்கு என்ன பிடித்தது என்று பிற்பாடு யாரும் திறந்து பார்க்கவில்லை. படம் எதுவும் பதியவில்லை என்று கடைக்காரர் சொன்னார், அதோடு விட்டுவிட்டார்கள்.

மாமியார் ஆயி அன்றைக்கு ஆரம்பித்ததுதான். "போன எடுக்கத் தெரிஞ்சவளுக்கு முடிச்ச அவுக்கத் தெரியலயே. வேப்பமரம் வரைக்கும் அடையாளம் சொல்லிருக்கா, மகராசி. கோலம் போட்டு வச்சிருந்தா இன்னும் சுளுவா வந்திருப்பாக."

 தான்தான் புருசனைப் பிடித்துக் கொடுத்தோம் என்ற நினைப்பு நாகவல்லிக்கே இருந்தது. முடிச்சு அவிழாத உளி போலீஸ் வசம் போய்விட்டதே என்பது அதற்கு மேல்.

கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தான் என்று வழக்குப் போட்டார்கள். அந்தப் பிரிவில் குற்றம் நிரூபணமானால் ஏழு வருசத்துக்குக் கீழே குறைக்க ஜட்ஜுக்கே அதிகாரம் கிடையாதாம். நாற்பத்து மூன்று நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். வழக்கு நாலு வருசத்துக்கு மேல் நடந்தது.

அவனுக்கு வாய்த்த வக்கீல் கெட்டவர் இல்லை. ஒரே வழிதான் உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "உளி வண்டிப் பையில இருந்துச்சுன்னு சொல்லிருங்க. கையில ஆயுதமே இல்லைன்னா அந்தப் பிரிவு நிக்காது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜட்ஜு நேராகக் கேட்ட அன்றைக்கு ஆண்டியப்பன் எழுந்து நின்று, "கையிலதாங்கய்யா இருந்துச்சு. பையில வைக்க மாட்டோம்" என்றான். வக்கீல் கேஸ் கட்டை மடக்கி வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். "ஏன்டா, ஒரு வார்த்தையில தலை தப்பிருக்குமே!"

"அழகுராஜா வீட்டுல பிள்ளைகுட்டி இருக்கு மாமா. உளியப் பையில போட்டேன்னு கோர்ட்டுல எழுதிட்டா, அந்த வாசப்படியத் தாண்டுறப்ப எல்லாம் அவுக நெனப்பு எங்குட்டுப் போகும்?" என்றான்.

இப்படி ஒரு காரணத்துக்காக ஏழு வருசத்தைத் தலையில் வாங்கிக்கொள்கிற ஆள் எங்கள் வகையறாவைத் தவிர வேறு எங்கே இருப்பான்? எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்குமா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை.

மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். யோகலட்சுமி என்று ஒரு வக்கீலம்மா. வயது நாற்பது இருக்கும், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அப்பீல் முடியும்வரை வெளியே விடக் கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி ஆயிற்று. ஆண்டியப்பன் உள்ளே கிடந்தான். நாகவல்லி பள்ளிக்கூடத்துச் சத்துணவில் உதவியாளர். மாதம் ஒரு தரம் லீவு போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு வருசம் போயிற்று. பிறகு கேஸ் கட்டின் நகல் வந்தது: புகார், சாட்சிகள் சொன்னது, போலீஸ் எடுத்த சாமான்களுக்கு எழுதிய மகஜர் எல்லாம். நாகவல்லி பத்தாவது படித்தவள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவின பிறகு, சமையல் கூடத்துப் படியில் உட்கார்ந்து தினம் நாலு பக்கம் வாசித்தாள். அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற பூக்கடை மீனம்மாள் சர்க்கார் தரப்புச் சாட்சி. அவள் சொன்னதைப் படித்த அன்று நாகவல்லி எனக்குப் போன் போட்டாள்.

"பெரியப்பா, மீனம்மா என்ன சொல்லிருக்குன்னு கேளுங்க. 'மரப்பிடி மேலே தெரிய வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.' அப்படியே எழுதிருக்கு."

"ஆமா, தூக்குனான்னு சொல்லிருக்கா. அதுதானே நமக்கு எமனா நிக்கிது."

"பிடி மேல தெரிஞ்சுச்சுன்னா உளிவாய் எங்க இருந்துச்சு?"

நான் போனை இடது கைக்கு மாற்றி, வலது கையை முட்டியாக மடக்கிப் பார்த்தேன்.

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினோம். யோகலட்சுமியம்மா மேசை மேல் கட்டுக் கட்டாகத் தாள். நாகவல்லி தன் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். பள்ளிக்கூடக் கரண்டி. சேலை முந்தானையை அதன் குழிப் பக்கத்தில் சுற்றி, சுற்றின பக்கத்தைக் கைமுட்டிக்குள் மூடிப் பிடித்து, காம்பு மேலே நிற்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"இப்படித்தான் பிடிப்பாக. இப்படிப் பிடிச்சு யாரக் குத்துறது, சொல்லுங்க? குத்துனா அவுக உள்ளங்கையிலதான் குத்தும்."

"அப்ப எதுக்குத் தலைக்கு மேல தூக்குனாரு?"

"அந்தாளு மேல இடிச்சுரக் கூடாதுல்ல. கூட்டத்துல பிள்ளையத் தூக்கிப் பிடிக்கிறாப்புல."

வக்கீலம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இந்தத் துணி விசயத்த ஏன் யாருமே கீழ்க் கோர்ட்டுல சொல்லல?"

"பையில இருந்துச்சுன்னு சொல்லணும்னாக. பையில இருக்குற உளிக்கு எதுக்குத் துணியப் பத்திப் பேச்சு?"

வக்கீலம்மா பறிமுதல் மகஜரைத் தேடி எடுத்தார். ஸ்டேஷனில் அன்று எழுதியவர் யாரோ, ஒழுங்காக எழுதியிருக்கிறார்: மஞ்சள் துணி சுற்றி நூலால் முடிச்சிடப்பட்ட, மரப்பிடி போட்ட உளி ஒன்று. கடைக்காரர் கோர்ட்டில் சொன்னதை அதன் பக்கத்தில் வைத்தார்: உளியின் கூர்முனை வெயிலில் பளபளத்தது, உயிருக்குப் பயந்து போனைக் கொடுத்தேன்.

"நீங்க மட்டும் அன்னைக்கு அந்த முடிச்ச அவுத்திருந்தா, வெறும் உளியத்தான் போலீஸ் எடுத்துட்டுப் போயிருக்கும். நம்ம கையில ஒண்ணுமே இருந்திருக்காது" என்றார்.

நாகவல்லி கரண்டியைப் பையில் வைத்தாள்.  வக்கீலம்மா சிரிக்கவில்லை. "சந்தோசப்படாதீங்க. தூக்குனது தூக்குனதுதான். துணி சுத்தியிருந்தாலும் இரும்பு இரும்புதான்னு சர்க்கார் தரப்புல சொல்லுவாங்க. கடைக்காரர் பயந்தாரா இல்லையான்னுதான் பாப்பாங்க."

விசாரணை போன ஆனி மாதம் வந்தது. நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே பேச்சு முழுக்க இங்கிலீஷ். எங்களுக்கு வக்கீலம்மா முதுகும் ஜட்ஜு முகமும்தான். சர்க்கார் வக்கீல் எழுந்து வலது கையைத் தலைக்கு மேலே ஓங்கிக் காட்டினார். அது மட்டும் எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஜட்ஜு தலையாட்டினார். நாகவல்லி என் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

யோகலட்சுமியம்மா தாளைத் தூக்கி எதையோ வாசித்தார். "மஞ்சள் துணி" என்ற இரண்டு சொல் மட்டும் தமிழில் காதில் விழுந்தது. ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். வக்கீலம்மா பதில் சொன்னார். அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து சொன்னார்: "அந்த உளியக் கொண்டாரச் சொல்லிட்டாரு. கண்ணால பாக்கணுமாம். கீழ்க் கோர்ட்டுல சாமான் ரூம்ல கிடக்கு."

"துணியோடவா கிடக்கு?"

"அதுதான் எனக்கும் தெரியல. ஆறு வருசமாச்சு. லிஸ்டுல 'உளி ஒன்று'ன்னு மட்டும் போட்டிருக்கு. துணிய எவனாவது கழட்டி எறிஞ்சிருந்தா, சர்க்கார் வக்கீல் அந்த மகஜரே தப்புன்னு பேசுவாரு."

அந்த ஒரு வாரம் நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. சத்துணவில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள் என்று சொன்னார்கள். ஆயி கூட வாயைக் கட்டிவிட்டாள். ஒருநாள் நான் போயிருந்தபோது, "இருக்கும், அந்தத் துணி இருக்கும். நாகவல்லிக்குன்னு கிடக்குற முடிச்ச யாரும் தொடமாட்டாக" என்றாள். மருமகளைப் பற்றி அந்தக் கிழவி வாயில் நல்ல வார்த்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அரக்கு முத்திரை வைத்த ஒரு காக்கிக் கவரைக் கோர்ட்டு ஊழியர் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். கத்தரியால் வாயை வெட்டினார். உள்ளே கையை விட்டார். மரப்பிடி முதலில் வந்தது.  அப்புறம் மீதியும் வந்தது. துணி இருந்தது. மஞ்சள் நிறம் போய்ச் செங்கல் நிறமாக, இரும்போடு இரும்பாகத் துரு ஏறி ஒட்டியிருந்தது. மூன்று முடிச்சும் அப்படியே.

ஜட்ஜு ஏதோ சொன்னார். அந்த ஊழியர் முடிச்சை அவிழ்க்க நகத்தை வைத்தார்.

"ஐயா, அவுக்காதீக!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. நாகவல்லி எழுந்து நின்றிருந்தாள். யோகலட்சுமியம்மா முகம் வெளுத்துப் போய்க் கையால் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். வாசலில் நின்ற போலீஸ்காரர் எங்கள் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

ஜட்ஜு கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தமிழில் கேட்டார். "யாரும்மா நீங்க?"

"அவுக பெஞ்சாதிங்கய்யா. அது நான் அவுக்க வேண்டிய முடிச்சு. அன்னைக்கு விட்டுப் போச்சு."

"நீங்க இங்க பேசுறது சாட்சியத்துல சேராது. தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"உட்காருங்க."

உட்கார்ந்தாள். ஜட்ஜு உளியைத் தன் பக்கம் கொண்டுவரச் சொன்னார். கையில் வாங்கிப் பிடியைப் பார்த்தார். துணிக்கு மேலேயே விரலை வைத்து உளிவாய் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பிறகு மீனம்மாள் சொன்ன பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, உளியைப் பிடி மேலே நிற்கும்படி ஒரு தடவை முட்டிக்குள் பிடித்தார். தூக்கவில்லை, பிடித்தார். முடிச்சை அவிழ்க்கச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். தீர்ப்பை ஒத்திவைத்தார்.

வெளியே யோகலட்சுமியம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "கோர்ட்டு அவமதிப்புன்னு உங்களையும் உள்ள போட்டிருந்தா? புருசன் பெஞ்சாதி ரெண்டு பேருக்கும் நான் அப்பீல் போடவா?"

"தப்புதாம்மா" என்றாள் நாகவல்லி. முகத்தில் தப்புச் செய்தவள் களை இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. அன்றைக்கும் இங்கிலீஷ்தான். இரண்டு நிமிசத்தில் முடிந்துவிட்டது. என்ன என்று தெரியாமல் நாங்கள் எழுந்து நிற்கிறோம். வக்கீலம்மா கவுனைச் சுருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே நடக்கிறார். நாகவல்லி பின்னாலேயே ஓடுகிறாள். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று வக்கீலம்மா திரும்பினார்.

"கொடிய ஆயுதத்தப் பயன்படுத்துனாருங்கிறது நிக்கல. உளிவாயைத் தன் கைக்குள்ள மூடிப் பிடிச்சுத் தூக்குனத ஆயுதப் பிரயோகம்னு சொல்ல முடியாதுன்னு எழுதிட்டாரு. கொள்ளையும் இல்ல. போன வச்சுக்கிற எண்ணம் இருந்தா கேட்டவுடனே வீட்டு அடையாளம் சொல்லுவாங்களான்னு கேட்டிருக்காரு."

"அப்ப நான் வேப்பமரம் வரைக்கும் அடையாளம் சொன்னது...?"

"அதுவும் தீர்ப்புல வந்துருச்சு. ஆனா மணிக்கட்ட முறுக்குனது குத்தம்தான். அதுக்குத் தண்டனை உண்டு. உள்ள இருந்த காலமே போதும்னு விட்டுட்டாரு."

அதாவது அவன் குற்றவாளிதான். ஆனால் கொள்ளைக்காரன் இல்லை. இந்த வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால், ஐந்து வருசத்துக்கு மேல் வித்தியாசம் என்று நான் சொல்லுவேன்.

நாலாம் நாள் ஜெயில் வாசலில் ஆண்டியப்பன் வந்தான். மெலிந்திருந்தான். நாகவல்லியைப் பார்த்து முதலில் கேட்டது, "உளி வந்துருச்சா?"

"வாங்க, காப்பி குடிச்சுட்டுப் பேசுவோம். உளியத்தான் கட்டிக்கிட்டீகளாக்கும்" என்றாள்.

உளி வர மேலும் மூன்று மாதம் ஆயிற்று. உரியவரிடம் கொடுக்கலாம் என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி, மனுப் போட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அதுவரைக்கும் ஆண்டியப்பன் ஜன்னல், அலமாரி என்று வேலை பார்த்தான். இரண்டு பேர் நிலை வைக்கக் கூப்பிட்டும், அழகுராஜா வீட்டு நிலை முதலில் உட்காரட்டும் என்று போகவில்லை. கீழ்க் கோர்ட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் நெற்குப்பை வரைக்கும் அதை முட்டிக்குள் பிடித்தபடியே வந்தான். கண்டக்டர், "அண்ணே, என்ன குச்சி ஐஸா? உருகிரப் போகுது" என்றார். அவன் கையை இறக்கவில்லை.

வீட்டில் நாகவல்லி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. ஆயி கத்தரியை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கோணி ஊசியால் நெம்பி நெம்பி, முதல் முடிச்சு அவிழ ஒரு மணி நேரம். ஆண்டியப்பன் இரண்டு கையாலும் உளியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது துணி தூள் தூளாக உதிர்ந்தது. துருவில் நாலு அரிசியின் தடம் மட்டும் இருந்தது.

நாகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினாள்.

"ம், வைங்க" என்றாள்.

வைத்தான்.